வாசலிலிருந்து முந்நூறு மீட்டர்

அறுபது தாண்டியவர்களிடம் “நடங்க” என்று சொல்லாத டாக்டர் இல்லை. சர்க்கரைக்கும் நடை, ரத்த அழுத்தத்துக்கும் நடை, ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் நடை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. 65 வயதைக் கடந்தவர்களும் மற்றவர்களைப் போலவே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை அசைக்க வேண்டும். அதோடு, தடுமாறாமல் நிற்கவும் நடக்கவும் உதவுகிற பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும். எல்லாம் சரி. எங்கே நடப்பது என்பதை மட்டும் யாரும் எழுதித் தருவதில்லை. வீட்டில் ஒரு பெரியவர் நடக்காவிட்டால் சோம்பல், பிடிவாதம், வீண் பயம் என்று அவர் மேலேயே பழியைப் போட்டுவிடுகிறோம். என் அம்மாவையும் சித்தியையும் பல வருடங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. வயதானவர் நடப்பதும் நடக்காமல் போவதும் பெரும்பாலும் அவர் இருக்கும் தெருவின் கையில்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு 78 வயது. சென்னை மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறாள். சித்தி அவளுக்கு நான்கு வயது இளையவள். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்தில் மகனோடு இருக்கிறாள். இரண்டு பேருக்குமே மூட்டு வலி உண்டு, இரண்டு பேருமே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். சித்தியின் வளாகத்தில் கட்டடங்களைச் சுற்றி அழகான நடைபாதை போட்டிருக்கிறார்கள். தளம் சமமாக இருக்கும், இரண்டு பக்கமும் செடிகள், வண்டி வராது, தெருநாய் வராது, ராத்திரி வரைக்கும் விளக்கு எரியும். அம்மாவின் தெருவில் நடைபாதை என்று ஒன்று இருக்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். ஆனால் தினமும் நடப்பவள் அம்மாதான். சித்தி நடையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

இதற்குக் காரணம் மனவலிமையோ பழக்கமோ இல்லை. அம்மா உடற்பயிற்சிக்காக நடந்ததே கிடையாது. காலையில் பால் பூத். அப்புறம் கீரைக்காரம்மா தள்ளுவண்டி எந்த மூலையில் நிற்கிறது என்று பார்க்கப் போவாள். பூ வாங்கப் போவாள், மாத்திரை தீர்ந்தால் மருந்துக்கடை, ரவிக்கைக்கு ஹூக் வைக்கத் தையல்காரர். சாயங்காலம் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசமோ பாட்டோ இருந்தால் அங்கே. எல்லாமே வீட்டு வாசலிலிருந்து ஒரு முந்நூறு மீட்டருக்குள். அரிசி, பருப்பு போன்ற கனமான சாமான்களை நான் வாங்கிப் போட்டுவிடுகிறேன். கொத்தமல்லியும் வெற்றிலையும் மட்டும் நான் வாங்கினால் அவளுக்குப் பிடிக்காது. அதை அவளேதான் போய் வாங்க வேண்டும்.

சித்தியின் நடைபாதை எங்கும் போவதில்லை, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. “ஒரே செடியை எத்தனை தடவைடி பார்க்கிறது?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். பால் செயலி வழியாக வாசலுக்கு வந்துவிடுகிறது, காய்கறியும் அப்படியே. வளாகத்துக்கு வெளியே ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஆனால் அவள் வீட்டிலிருந்து வெளிகேட்டுக்கு வருவதற்கே நிழலில்லாத தார்ச்சாலையில் நீண்ட தூரம் வர வேண்டும். வந்த பிறகு, மண்லாரிகளும் கம்பெனி பஸ்களும் போகிற சாலையை எந்தக் குறியும் இல்லாத இடத்தில் கடக்க வேண்டும். முதலில் மகன் காரில் கொண்டுபோய் விட்டான். பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் என்று ஆயிற்று. பிறகு அதுவும் நின்றுபோனது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. போவதற்கு ஒரு காரணமும் போய்ச் சேர ஒரு வழியும் சேர்ந்து இல்லாததால் கால் தானாகவே நின்றுவிட்டது.

அக்கா, தங்கை இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாது. ஆனால் இதே விஷயத்தை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். எஸ்டர் செரின் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், வயதானவர்களின் நடையையும் அவர்கள் வசிக்கும் சுற்றுப்புறத்தையும் பற்றிப் பல நாடுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓரிடத்துக்குப் போய் வருவதற்காக நடக்கும் நடையோடு வலுவாகச் சேர்ந்து வந்தவை, கைக்கெட்டும் தூரத்தில் கடைகளும் சேவைகளும், ஒன்றோடொன்று இணையும் தெருக்கள், வீடும் கடையும் கலந்திருப்பது, நடப்பவர்களுக்கென்று செய்துவைத்த வசதிகள் ஆகியவை. குப்பையும் பாழடைந்த தோற்றமும் நடையைக் குறைப்பவையாக இருந்தன. நம் பழைய ஊர்களில் கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதி, வீதியிலேயே கடை, கடைக்கு மேலே வீடு என்று இருந்ததற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. மயிலாப்பூரில் இன்றும் சாயங்காலம் மாட வீதிகளில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் அவ்வளவு பேர் நடமாடுவதற்கு கபாலீஸ்வரர் மட்டும் காரணமில்லை. காய்கறி, பூ, காபித்தூள், தெரிந்த முகம் எல்லாமே ஒரே சுற்றில் கிடைத்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் பவல் லாட்டனும் லூசில் நாஹிமோவும் 1973இல் முன்வைத்த ஒரு கருத்து எனக்கு ரொம்ப உபயோகமாக இருந்தது. மனிதரின் உடல், மனத் திறன் ஒரு பக்கம். சுற்றுப்புறம் அவரிடம் எவ்வளவு கேட்கிறது என்பது மறுபக்கம். இந்த இரண்டும் ஒத்துப்போகும் வரை மனிதர் நன்றாக இருப்பார். திறன் குறையக் குறையச் சுற்றுப்புறத்தின் செல்வாக்கு கூடிக்கொண்டே போகும். இருபது வயதில் உடைந்த நடைபாதையை நாம் கவனிப்பதுகூட இல்லை, தாவிப் போய்விடுகிறோம். எழுபத்தெட்டில் அதே உடைசல்தான் அன்றைக்கு வெளியே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

அம்மாவோடு மண்டபம் வரை நடந்து பாருங்கள், தெரியும். வீட்டிலிருந்து தெருவுக்கு ஏறுவதே முதல் சோதனை. ஏறுவது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரு இப்போது வீட்டைவிட உயரம். சென்னையின் பழைய பகுதிகளில் இது சகஜம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, படியேறிப் போக வேண்டிய வீடுகள் படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. தெருவுக்கு வந்த பிறகு நடைபாதை. நம் ஊரில் பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகாலின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு உயரத்தில் நடைபாதை. எங்கள் தெருமுனையில் அது அம்மாவின் கணுக்காலுக்கு ரொம்ப மேலே, பாதி முழங்கால் வரை வரும். அங்கே நின்றிருக்கும் காரின் மேல் இடது கையை ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலி குறைந்த காலை முதலில் கீழே வைத்து இறங்குவாள். கார் இல்லாத நாளில் நடைபாதையில் ஏறவே மாட்டாள். சாலை ஓரமாகவே போவாள், முதுகுக்குப் பின்னால் பைக்குகள் வர. மூடிக் கற்களைத் தூக்குவதற்கு விட்டிருக்கும் துளையும் ஒரு தொல்லை. ஊன்றுகோலின் முனை சரியாக அதற்குள் போய் இறங்கும்.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரி வழிகாட்டுதலில் இதற்கெல்லாம் அளவு இருக்கிறது. நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. குடியிருப்புத் தெருக்களில்கூடத் தடங்கல் எதுவும் இல்லாத 1.8 மீட்டர் அகலம் குறைந்தபட்சம் வேண்டும், கடைத்தெருவில் அதைவிட அதிகம். மரம், மின்கம்பம், பெஞ்சு எல்லாம் அந்த அகலத்துக்கு வெளியே. இதை எழுதிய பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் தெருவில் என்ன இருக்கிறது? மின்இணைப்புப் பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர், கடைப் பலகை, வரிசையாக நிறுத்திய ஸ்கூட்டர்கள், அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் கார் ஏறுவதற்காக நடைபாதையை வெட்டிப் போட்டுக்கொண்ட சரிவு. அந்தச் சரிவு ஒவ்வொன்றும் நடப்பவருக்கு ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். வயதானவர்களுக்கு இறக்கம்தான் கஷ்டம், முழங்கால் தாங்காது. நம் வீட்டுக் காருக்குச் சரிவு போடும்போது பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கால் நம் நினைவுக்கு வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

1.8 மீட்டர் என்பது வெறும் அகலம் இல்லை, பக்கத்தில் ஒரு துணை என்று அர்த்தம். அவ்வளவு இடம் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்கலாம், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் மண்டபத்துக்கு ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். ஆனால் வழியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். மாமி சொல்வது அம்மாவுக்குக் காதில் விழாது. ஸ்வீடனில் செய்த ஒரு ஆய்வு 1997இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நடந்துகொண்டே பேசும்போது பேசுவதற்காக நின்றுவிடுகிற முதியவர்கள் பின்னாளில் கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்று அதில் கண்டார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்பதற்கு அது ஒரு அடையாளம். சமதளத்திலேயே அப்படி என்றால், ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பார்க்க வேண்டிய தெருவில் பேச்சுக்கு ஏது இடம்? வயதான பெண்களில் பலருக்கு வெளியே போவதற்கு உண்மையான காரணமே அந்தப் பேச்சுதான்.

விழுந்துவிடுவோம் என்ற பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கீழே விழுந்து உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இப்படி உயிரை இழப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் தெருவில் நாலு பேர் பெயரைச் சொல்வார். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டும் அவர்கள் பால் வாங்கக் கிளம்புகிறார்கள் என்பதைத்தான் நாம் மதிக்க வேண்டும்.

உட்காரும் இடத்தைப் பற்றி நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. அம்மாவோடு நடக்கும் வரை நானும் அதைக் கணக்கில் எடுத்ததில்லை. அவள் வழியைத் தேர்ந்தெடுப்பது தூரத்தை வைத்து இல்லை, எங்கெங்கே உட்காரலாம் என்பதை வைத்து. தையல்கடை வாசலில் ஒரு மர ஸ்டூல் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்தவுடன் உள்ளே இருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வெளியே போட்டுவிடுவார், மாத்திரை வாங்காத நாளிலும்கூட. அதற்கு அடுத்தது ஒரு பழைய வீட்டின் திண்ணை, இந்த வரிசையில் மிச்சமிருக்கும் ஒரே திண்ணை. அங்கிருந்து மண்டபம் கூப்பிடு தூரம். இந்த வழி நேர்வழியைவிடச் சுற்று. ஆனால் நேர்வழியில் உட்கார ஒரு இடம் கிடையாது, எல்லாம் இரும்பு கேட் போட்ட புது அடுக்குமாடிகள். கேட்டுக்கு வெளியே ஒரு அடிகூட யாருக்கும் விட்டுவைக்கவில்லை. சில இடங்களில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று திட்டில் கூர்க்கம்பி பதித்திருக்கிறார்கள்.

வழிப்போக்கர் உட்காரட்டும் என்றுதான் நம் முன்னோர் வீட்டின் முன்பக்கத்தைத் தெருவுக்குக் கொடுத்தார்கள். இன்று கட்டட விதிகளில் கார் நிறுத்த இத்தனை இடம் விட வேண்டும் என்று இருக்கிறது. ஒரு கிழவர் இரண்டு நிமிடம் உட்காரவும் ஒரு திட்டு வேண்டும் என்றும் எழுதலாமே. பிரிட்டன் அரசின் போக்குவரத்துத் துறை வழிகாட்டுதலில், ஆட்கள் அதிகம் நடக்கும் இடங்களில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 50 மீட்டர் என்பது நமக்கு ஒன்றுமே இல்லாத தூரம் போலத் தெரியும். மூச்சு வாங்குகிறவரைக் கேட்டால் சரியான அளவு என்பார். கூடவே கழிப்பறையையும் சொல்லியாக வேண்டும். மருந்தால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவர்கள் வெளியே கிளம்பாததற்கு அதுவே போதுமான காரணம், வெட்கத்தில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கால் வலி என்று சொல்லிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் மேலே சாலையைக் கடப்பது. சிக்னலில் பச்சை மனிதன் எரியும் நேரத்தைக் கணக்கிடும்போது ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்வது உலகில் பல இடங்களில் வழக்கம். இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் நடைவேகத்தை அளந்த ஒரு ஆய்வு 2012இல் வந்தது. அதில் ஆண்களின் சராசரி நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8. பெண்களில் 85 சதவீதம் பேரால் அந்த 1.2 மீட்டர் வேகத்தைத் தொட முடியவில்லை. 15 மீட்டர் அகலச் சாலை என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் பன்னிரண்டரை நொடி தருகிறது, பாட்டிக்குக் கிட்டத்தட்ட பத்தொன்பது நொடி வேண்டும். மீதி ஆறு நொடிக்கு அவர் நடுச்சாலையில். நம் ஊரில் பச்சை விழுந்த பிறகும் இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இது மத்திய அரசின் கணக்கு.

என் அத்தை ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே 2009லிருந்து சில சிக்னல்களில் ஒரு ஏற்பாடு உண்டு. மூத்த குடிமக்கள் தங்கள் சலுகைப் பயண அட்டையைக் கம்பத்தில் இருக்கும் கருவியில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடி வரை பச்சை கூடுதலாக எரியும். 2014லிருந்து முதியவர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கும் தனி மண்டலங்களையும் அமைத்து வருகிறார்கள். சாலை நடுவே ஒரு திட்டு, அதில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த பாதியைக் கடக்கலாம். அத்தை அட்டையைக் காட்டிவிட்டு நிதானமாக, கையில் காய்கறிப் பையோடு போவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. சிங்கப்பூரிடம் பணம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நடுவில் ஒரு திட்டு கட்டுவதற்கும் சிக்னல் நேரத்தை ஆறு நொடி கூட்டுவதற்கும் எவ்வளவு பணம் வேண்டும்?

நம் ஊரிலும் எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அகலமான சமதளம், மரநிழலில் இருக்கைகள். மகள்கள் கடையில் இருக்க, அம்மாக்கள் அங்கே உட்கார்ந்து கதை பேசுவதை எந்தச் சாயங்காலமும் பார்க்கலாம். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீள ஆகாய நடைமேம்பாலம் வந்தது, லிஃப்டும் எஸ்கலேட்டரும் வைத்து. அதே வருடம் நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளை அறிவித்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் 8 கிலோமீட்டர் யாருக்கு? காரில் வந்து, ஷூ கட்டிக்கொண்டு நடக்கக்கூடிய ஐம்பது வயதுக்காரருக்கு. பாண்டி பஜார் நடைபாதையில் அம்மாவால் சந்தோஷமாக நடக்க முடியும், அங்கே போய்ச் சேருவதற்கு ஆட்டோ வேண்டும். ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நல்ல நடைபாதை இருந்து பயனில்லை. வயதானவருக்கு வேண்டியது தன் வாசலில் தொடங்கி அறுபடாமல் போகும் ஒரு சின்ன நீளம்தான்.

இது ஏதோ சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. 2021 நிலவரத்துக்கு மத்திய அரசு கணித்தபடி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவில் உள்ள வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “அப்போ ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லலாமா?” என்று கேட்டாள். சொல்லலாம் என்றேன். மறுநாளே சொல்லியும்விட்டாள். அந்தப் பையன் எடுத்துவிட்டான், அன்றைக்கு மட்டும்.

2022இல் வந்த விதிகளின்படி நகர்ப்புற வார்டுகளில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. தெருப் பிரச்சினைகளை அங்கே எழுதிக் கொடுக்கலாம். நானும் எங்கள் பகுதிக்காக எழுதிக் கொடுத்தேன். பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தெருமுனையில் நடைபாதை முடியும் இடத்தைச் சரிவாக இறக்க வேண்டும். ஊன்றுகோல் மாட்டும் வடிகால் மூடிகளை மாற்ற வேண்டும். பால் பூத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே நிழலுள்ள இடத்தில் கைப்பிடியும் சாய்மானமும் வைத்த இருக்கைகள் வேண்டும். கைப்பிடி முக்கியம், அது இல்லாவிட்டால் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாது. பெரிய சாலை சிக்னலில் நடப்பவர்களுக்கு நேரத்தைக் கூட்ட வேண்டும். அதோடு, அடுத்த முறை தெருவை அளக்க வரும்போது எழுபதைத் தாண்டிய இரண்டு பேரைக் கூட அழைத்துக்கொண்டு வர வேண்டும் என்றும் எழுதினேன். வடிகால் மூடிகளை மாற்றிவிட்டார்கள். சரிவுக்கு மார்க் போட்டுப் போயிருக்கிறார்கள். இருக்கைகளுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. ஒரு கார் நிற்கும் இடம் போதும் என்று மறுபடி எழுதி, எந்த இடம் என்பதைப் படத்தோடு குறித்து அனுப்பியிருக்கிறேன். சித்தியின் மகனிடமும் பேசினேன். அவர்கள் வளாகத்தின் சங்கத்தில், வெளிகேட் வரைக்கும் மரம் வைப்பதற்கும், வாரம் மூன்று நாள் காய்கறி வண்டியையும் பூக்காரம்மாவையும் உள்ளே விடுவதற்கும் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறான். பாதுகாப்பு போய்விடும் என்று எதிர்ப்பு இருக்கிறதாம். பூக்காரம்மா வந்தால் நான் கீழே இறங்கி வருவேன் என்று கூட்டத்தில் வந்து தானே சொல்வதாகச் சித்தி சொல்லியிருக்கிறாள்.